முதலில் நாற்காலியை எண்ணுங்கள்

காலையில் ஏதாவது ஒரு நகரத்துக் கிளை நூலகத்தின் வாசலில், கதவு திறப்பதற்குக் கால் மணி நேரம் முன்னால் போய் நின்று பாருங்கள். செய்தித்தாளுக்கு வந்த பெரியவர்கள் நாலைந்து பேர் இருப்பார்கள். மற்றவர்கள் எல்லாம் இருபது முதல் முப்பத்தைந்து வயதுக்காரர்கள். முதுகில் பை, கையில் தண்ணீர் பாட்டில், பைக்குள் மதியச் சாப்பாடு. படிக்க வேண்டிய புத்தகமும் அவர்களுடையதுதான். கதவு திறந்ததும் அவர்கள் அலமாரிப் பக்கம் திரும்புவதில்லை. மின்விசிறிக்குக் கீழே, சுவரை ஒட்டி, பிளக் பாயிண்ட் உள்ள மேசைக்குப் பாய்கிறார்கள். பேருந்தில் துண்டு போடுவதுபோல ஒரு குறிப்பேட்டைப் போட்டு இடம் பிடித்தாகிவிட்டது.

தமிழ்நாட்டு நூலகங்களில் நடந்திருக்கும் பெரிய மாற்றம் இதுதான். புத்தகத்தை வீட்டுக்கு எடுத்துப்போகும் இடம், வீட்டிலிருந்து புத்தகத்தோடு வந்து உட்காரும் இடமாகிவிட்டது. ஒரே அறை வீட்டில் தொலைக்காட்சிச் சத்தத்துக்கு நடுவே குரூப் 4 தேர்வுக்குப் படிக்க முடியாதவர்களுக்கு, ஊரில் காசு கேட்காமல் நாள் முழுக்க உட்காரவிடும் ஒரே கூரை இது. ஆனால் நூலகத்தின் பதிவேடுகள் இன்னும் பழைய கணக்கையே கேட்கின்றன: வருகை எத்தனை, இரவல் எத்தனை, நோக்கீடு (அங்கேயே எடுத்துப் பார்த்த நூல்) எத்தனை. பத்து நிமிடம் தலைப்புச் செய்தியைப் புரட்டியவருக்கும் ஒரு கையெழுத்து, பத்து மணி நேரம் உட்கார்ந்தவருக்கும் ஒரு கையெழுத்து. உட்கார்ந்த நேரத்துக்குப் பதிவேட்டில் கட்டமே கிடையாது. கட்டம் இல்லாததற்குப் பணம் ஒதுக்கீடு ஆவதில்லை.

வடிவம் மாறுவது நூலகத்துக்குப் புதிதல்ல. 1931இல் மன்னார்குடிப் பக்கம் மாட்டுவண்டியில் புத்தகம் ஏற்றிக் கிராமம் கிராமமாகப் போனார்கள். 1948இல் பொது நூலகச் சட்டம் வந்தது. விடுதலை பெற்ற இந்தியாவில் இந்த மாதிரி முதல் சட்டம் அதுதான். அதன்படி வாங்கும் நூலக வரி இன்று சொத்து வரியில் ரூபாய்க்கு 10 காசு. அதாவது வீட்டு வரி ரசீது வைத்திருக்கும் ஒவ்வொருவரும் நூலகத்துக்கு ஏற்கெனவே பணம் கட்டியவர். இதை நினைவில் வைத்துக்கொண்டு நூலகத்துக்கு வசதி கேட்டு அலுவலகத்துக்குப் போனால் குரல் தானாக நிமிரும்.

சரி, இடத்துக்கு வருவோம். 20 அடிக்கு 30 அடி கூடம் என்றால் 600 சதுர அடி. மேசை, நாற்காலி, நடைபாதை எல்லாம் சேர்த்து ஒருவருக்குச் சுமார் 25 சதுர அடி வேண்டும். ஆக, வசதியாக உட்காரக்கூடியவர்கள் 24 பேர்தான். நடைமுறையில் அதே கூடத்தில் 40 நாற்காலி போடுகிறோம். 40 போடுவது தப்பில்லை. ஆனால் எழுந்து போகிறவர் மற்றவர் நாற்காலியை இடிக்காமல் போக முடிகிறதா என்று பார்க்க வேண்டும். முதுகுக்கு முதுகு இருக்கும் இரண்டு வரிசைகளுக்கு நடுவே, ஆட்கள் உட்கார்ந்திருக்கும்போதே 2 அடியாவது மிஞ்ச வேண்டும். தேர்வுக்குப் படிப்பவர் புத்தகம், குறிப்பேடு, தண்ணீர் பாட்டில் மூன்றையும் பரப்புவார். ஒருவருக்கு 3 அடி அகலம், 2 அடி ஆழம் மேசை தேவை. செய்தித்தாளை விரித்தால் கிட்டத்தட்ட இரண்டரை அடி. அதனால் செய்தித்தாள் மேசையைத் தனியாக, வாசலுக்குப் பக்கத்தில் போடுங்கள். உள்ளே போட்டால் தாள் புரட்டும் சலசலப்பு நாள் முழுக்கச் சண்டையாகும்.

வெளிச்சத்தில்தான் பெரும்பாலான கிளை நூலகங்கள் கோட்டை விடுகின்றன. படிக்கும் மேசையின் மேல் 300 லக்ஸ் வெளிச்சம் விழ வேண்டும். ஒரு லக்ஸ் என்றால் ஒரு சதுர மீட்டரில் ஒரு லூமன் ஒளி விழுவது. 600 சதுர அடி என்பது ஏறக்குறைய 56 சதுர மீட்டர். அதற்கு 16,800 லூமன் வேண்டும். உயரமான கூரையில் விளக்கு மாட்டினால் அழுக்குச் சுவரும் தூசியும் பாதி வெளிச்சத்தைத் தின்றுவிடும், ஆக 33,600. ஒரு 20 வாட் எல்இடி டியூப் 2,000 லூமன் தரும் என்று வைத்தால் 17 டியூப்! பல இடங்களில் இருப்பது ஐந்தோ ஆறோ. 17 வாங்கப் பணம் இல்லையென்றால் வேறு வழி இருக்கிறது: மேசைகளுக்கு நேர் மேலே, ஏழரை அடி உயரத்துக்கு விளக்கைத் தொங்கவிடுங்கள். பத்து டியூப்பிலேயே மேசைமேல் போதிய வெளிச்சம் வரும். கைபேசியில் லக்ஸ் அளக்கும் செயலி ஒன்றைப் போட்டு, இரவு ஏழு மணிக்கு ஒவ்வொரு மேசையிலும் வைத்துப் பாருங்கள். துல்லியம் எதிர்பார்க்க முடியாது, ஆனால் எந்த மூலை இருட்டு என்று காட்டிவிடும்.

விளக்கு தொங்கவிடும்போது ஒன்றைக் கவனிக்கத் தவறுவார்கள். மின்விசிறி இறக்கைக்கு மேலே டியூப் இருந்தால், சுழலும் இறக்கையின் நிழல் புத்தகத்தின் மேல் படபடத்துக்கொண்டே இருக்கும். அரை மணி நேரத்தில் தலைவலி. "கண்ணாடி பவர் கூடிடுச்சுபோல" என்று வாசகர் கண் மருத்துவரிடம் போவார். விளக்கு எப்போதும் இறக்கைக்குக் கீழே, அல்லது விசிறியின் வட்டத்துக்கு வெளியே.

அடுத்தது சார்ஜர். இரண்டு பேருக்கு ஒரு 6 ஆம்பியர் பிளக் என்பது இன்றைய குறைந்தபட்சத் தேவை. இதற்காக ஒரே சாக்கெட்டிலிருந்து எக்ஸ்டென்ஷன் பாக்ஸ், அதிலிருந்து இன்னொரு எக்ஸ்டென்ஷன் என்று தரையில் ஒயர் இழுத்தால் யாராவது தடுக்கி விழுவார்கள், இல்லாவிட்டால் எங்காவது கருகும். பிளக்குகளுக்குத் தனி ஒயரிங், தனி எம்சிபி (சுமை கூடினால் அணைக்கும் சுவிட்ச்), 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி (மின்கசிவு வந்தால் அணைக்கும் சுவிட்ச்) என்று எலக்ட்ரீஷியனிடம் எழுதியே கொடுத்துவிடுங்கள்.

இன்வெர்ட்டர் கணக்கையும் இங்கேயே போட்டுவிடலாம். 12 வோல்ட், 150 ஏஎச் (ஆம்பியர் மணி) பேட்டரி ஒன்றில் ஏட்டளவில் 1,800 வாட் மணி. பேட்டரி கெடாமல், இழப்பு போக, கைக்கு வருவது சுமார் 1,100. பத்து டியூப் 200 வாட், பழைய 75 வாட் விசிறி ஆறு 450 வாட்; மொத்தம் 650, ஒன்றரை மணி நேரத்துக்குச் சற்று மேல் ஓடும். விசிறியைக் குறைந்த மின்சாரத்தில் ஓடும் 30 வாட் பிஎல்டிசி விசிறிக்கு மாற்றினால் மொத்தமே 380. இரண்டே முக்கால் மணி நேரம். புதுப் பேட்டரி கேட்பதற்கு முன் விசிறியை மாற்றச் சொல்வது இதனால்தான். பிளக்குகளை இன்வெர்ட்டரோடு சேர்த்துவிடாதீர்கள். மின்தடை வந்த அடுத்த நிமிடம் பதினைந்து மடிக்கணினி ஏறும். ஒரு மணி நேரத்தில் கூடமே இருட்டு.

இத்தனையையும் செய்துவிட்டுப் பெண்களுக்குக் கழிப்பறை இல்லையென்றால் பாதி வேலை வீண். எந்தக் கிளையிலும் இதைச் சோதித்துப் பார்க்கலாம்: காலை பத்து மணிக்குப் பெண்கள் எத்தனை பேர், மதியம் இரண்டு மணிக்கு எத்தனை பேர் என்று எண்ணுங்கள். பத்து மணிக்குப் பன்னிரண்டு பேர் இருந்து இரண்டு மணிக்கு மூன்று பேர்தான் என்றால் காரணம் படிப்பில் ஆர்வக்குறைவு இல்லை. தண்ணீர் குடிக்காமல் தாக்குப்பிடித்துவிட்டு வீட்டுக்குப் போயிருக்கிறார்கள். கழிப்பறை கட்டியும் பூட்டி வைத்து, ஆண் ஊழியரிடம் சாவி கேட்கும்படி விட்டால் அதுவும் இல்லாததற்குச் சமம்தான். உள்தாழ்ப்பாள், குப்பைக்கூடை, வாளியில் தண்ணீர், வாரத்துக்கு எத்தனை முறை யார் கழுவுகிறார் என்ற அட்டை. குடிநீருக்கு, 40 பேர் நாள் முழுக்க இருந்தால் 80 லிட்டர், அதாவது நான்கு கேன்.

சாப்பாட்டை உள்ளே அனுமதிக்க வேண்டாம். வராந்தாவில் ஒரு பெஞ்சும் மூடி போட்ட குப்பைத்தொட்டியும் போதும். சோற்றுப் பருக்கை எறும்பைக் கூட்டும், எறும்புக்குப் பின்னால் எலி வரும், எலி புத்தக முதுகில் உள்ள பசையைத் தேடிக்கொண்டு வரும்.

இடம் பிடிக்கும் சண்டைக்கு டோக்கன்தான் மருந்து. நாற்காலிக்கு எண் எழுதுங்கள். வருபவர் அடையாள அட்டையைக் கொடுத்து அந்த எண் டோக்கனை வாங்கிக்கொள்ளட்டும். மதியம் 45 நிமிடம் வெளியே போகலாம். அதற்கு மேல் போனால் பை மேசையின் கீழே போகும், இடம் அடுத்தவருக்கு. ஒருவர் இன்னொருவருக்காக டோக்கன் வாங்கக்கூடாது. இந்த ஒரு விதியில் விலக்கு கொடுத்தால் மற்றவை எல்லாம் சரிந்துவிடும். வெள்ளிக்கிழமை விடுமுறை என்பதால் சனிக்கிழமை காலைக் கூட்டம் எப்போதும் கூடுதலாக இருக்கும். டோக்கன் முறையைத் தொடங்கும் நாளாக அதை வைத்துக்கொள்ளாதீர்கள்.

இந்த வாசகர்களுக்கு எந்தப் புத்தகம்? கைடுகளில் பணத்தைப் போடாதீர்கள். குரூப் 4 தேர்வின் 200 கேள்விகளில் 100 தமிழ், 75 பொது அறிவு, 25 கணக்கும் அறிவுக்கூர்மையும். தமிழுக்கும் பொது அறிவுக்கும் அடிப்படை, அரசுப் பள்ளிப் பாடநூல்தான். ஆறாம் வகுப்பு முதல் பத்தாம் வகுப்பு வரை தமிழ், அறிவியல், சமூக அறிவியல். பதினொன்று, பன்னிரண்டில் தமிழ், வரலாறு, அரசியல் அறிவியல், பொருளியல். இவற்றில் மூன்று செட் வாங்கி, இரவல் தராமல் நோக்கு நூலாக வைத்தால் முப்பது கைடுகளின் வேலையைச் செய்யும். 2018க்கு முந்தைய பழைய பாடநூல் அலமாரியில் கிடந்தால் எடுத்துத் தனியே வையுங்கள். முதல்முறை தேர்வு எழுதுபவர் அதைப் புதியது என்று நினைத்து மூன்று மாதம் படித்துவிடுவார். பழைய வினாத்தாள்களை ஆண்டுவாரியாக பைண்ட் செய்வது வழக்கம். பாடவாரியாகப் பிரித்து பைண்ட் செய்தால் இன்னும் அதிகம் புரளும். விடையைப் புத்தகத்திலேயே டிக் அடிப்பார்கள். திட்டிப் பயனில்லை, பக்கத்தில் ஒருபக்கம் அச்சான பழைய தாள்களை அடுக்கி வைத்துவிடுங்கள்.

தேர்வர்களுக்கு இடம் கொடுத்துக் கொடுத்துக் குழந்தைகளை வெளியே தள்ளிவிடும் ஆபத்து இருக்கிறது. இதில் சமரசம் கூடாது. குழந்தை நுழைந்ததும் "உஷ்" என்று நாற்பது தலை திரும்பினால் அந்தக் குழந்தை மறுபடி வராது. தனி அறை இருந்தால் நல்லது. இல்லையென்றால் நேரத்தைப் பிரியுங்கள்: பள்ளி விட்டபின் நாலரை முதல் ஆறரை வரை முன்கூடம் குழந்தைகளுக்கு, சத்தம் அனுமதி என்று பலகையிலேயே எழுதுங்கள். அலமாரி 4 அடிக்கு மேல் வேண்டாம். படப் புத்தகத்தை முதுகு காட்டி அடுக்காமல் அட்டை தெரிய நிறுத்துங்கள். கதை சொல்லும் நிகழ்ச்சி 45 நிமிடம், 20 குழந்தைகள். அதற்கு மேல் போனால் அது பள்ளிக்கூடமாகிவிடும். கிழித்துவிடுவார்கள் என்று பூட்டி வைக்கும் குழந்தை நூல் பூட்டிய இடத்திலேயே இராமபாணப் பூச்சிக்கு இரையாகும். கிழிந்தால் செல்லோ டேப் ஒட்டாதீர்கள். அது மஞ்சளாகி, பிசின் உருகி, அடுத்த பக்கத்தையும் கெடுக்கும். மெல்லிய தாளும் மைதாப் பசையும் போதும். பைண்டர்கள் பூச்சிக்காகப் பசையில் கொஞ்சம் மயில்துத்தம் கலப்பார்கள். அது விஷம், குழந்தை நூல்களில் வேண்டாம்.

நாற்காலிக்கு இடம் வேண்டுமானால் அலமாரியைக் குறைக்க வேண்டும். நூலகர்களுக்கு இதுதான் கை நடுங்கும் வேலை. சேர்க்கைப் பதிவேட்டில் ஏறிய நூலை நூலகர் நினைத்தபடி கழிக்க முடியாது. பட்டியலிட்டு, மேலே அனுப்பி, ஒப்புதல் வாங்கித்தான் கழிக்க வேண்டும். ஆகவே வருஷக் கடைசியில் மொத்தமாகச் செய்யப் பார்க்காமல், மாதம் 50 நூலைப் பட்டியலில் சேர்த்துக்கொண்டே போங்கள். முதலில் போக வேண்டியவை காலாவதியான கைடு, பழைய கணினிப் புத்தகம், ஒரே நூலின் நாலாவது படி. அன்பளிப்பு நூல்களை வாங்கும்போதே வடிகட்ட வேண்டும். வீடு காலி செய்கிறவர்களிடம் இருபது பெட்டி வாங்கி வைத்துவிட்டு, கரையான் எங்கிருந்து வந்தது என்று பிறகு தேடக்கூடாது. எந்தப் பெட்டியும் வராந்தாவில் பத்து நாள் இருந்து, பிரித்து, தட்டி, வெயில் காட்டியபின்தான் உள்ளே வர வேண்டும். அலமாரி சுவரிலிருந்து அரை அடி தள்ளி, கீழ்த்தட்டு தரையிலிருந்து அரை அடி உயரத்தில்.

கழிக்கவே கூடாத ஒரு வகை உண்டு. உள்ளூர்ப் பள்ளியின் ஆண்டு மலர், கோயில் குடமுழுக்கு மலர், தலபுராணம், சங்கத்தின் பொன்விழா மலர், பழைய துண்டறிக்கை. எந்தப் பெரிய நூலகத்திலும் இவை இருக்கும் என்று உறுதி இல்லை. சென்னையின் கன்னிமாராவில் இல்லாத ஒன்று உங்கள் கிளையில் இருக்கிறது என்றால் அது இந்த ரகமாகத்தான் இருக்கும். 300 டிபிஐ அளவில் ஸ்கேன் செய்து இரண்டு இடங்களில் சேமித்து வையுங்கள். கோப்பின் பெயரில் ஊர், ஆண்டு, தலைப்பு மூன்றும் இருக்கட்டும். "ஸ்கேன்1", "ஸ்கேன்2" என்று சேமித்தால் ஆறு மாதத்தில் நீங்களே தேடுவீர்கள்.

பட்டியலைக் கணினியில் ஏற்றுவது பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் தமிழில் இது சறுக்கும் இடங்கள் வேறு. 5,000 நூல் உள்ள கிளைக்கு முதலில் ஒரு விரிதாள் போதும். பிறகு அதை கோஹா போன்ற கட்டற்ற நூலக மென்பொருளில் ஏற்றிக்கொள்ளலாம். பழைய பட்டியல் வானவில், பாமினி போன்ற பழைய எழுத்துருவில் இருந்தால் யுனிகோடுக்கு மாற்றியபின் ஒவ்வொரு வரியையும் கண்ணால் பார்க்க வேண்டும். "ஔவையார்" என்பதை ஒருவர் ஒரே எழுத்தாக ஔ என்று அடித்திருப்பார், இன்னொருவர் ஒ போட்டு, பிறகு ள போட்டு அடித்திருப்பார். கண்ணுக்கு ஒன்றுபோல இருக்கும். தேடினால் பாதி நூல்தான் வரும். கொ, கோ போன்ற எழுத்துகளிலும் கொம்பையும் காலையும் தனித்தனியாக அடித்தால் சில மென்பொருள்களில் இதே கதை. அடுத்தது முன்னெழுத்து: ஒரே ஆசிரியர் ஒரு நூலில் "ச.", இன்னொரு நூலில் "எஸ்.". இரண்டில் எது என்று ஒரு தாளில் எழுதிச் சுவரில் ஒட்டிவிட்டுத் தொடங்குங்கள். சிஎஸ்வி கோப்பை நேரடியாக எக்செலில் திறந்தால் தமிழ் குப்பையாகத் தெரியலாம். சேமிக்கும்போதே "சிஎஸ்வி யுடிஎஃப்-8" என்ற தேர்வை எடுங்கள். சேர்க்கை எண் 00457 என்பது 457 ஆகிவிடாமல் அந்த நெடுவரிசையை எழுத்து வடிவத்தில் வையுங்கள்.

நூல்களைப் பொருள்வாரியாகப் பிரிக்கும் டியூயி எண் கொடுப்பதிலும் ஒரு சிக்கல். தமிழ் இலக்கியம் முழுதும் 894.811இல் அடங்குகிறது; கவிதை 894.8111, புனைகதை 894.8113. அமெரிக்காவில் வகுத்த அட்டவணையில் தமிழுக்குக் கிடைத்த இடம் அவ்வளவுதான். நம் கிளையிலோ பாதி நூல்கள் அந்த ஒரே எண்ணுக்குள் வந்து நெருக்கியடிக்கும். சிறுகதை, நாவல், துப்பறியும் கதை, மொழிபெயர்ப்பு என்று நிற நாடா ஒட்டிப் பிரித்து, அதற்குள் ஆசிரியர் பெயரின் முதல் மூன்று எழுத்துப்படி அடுக்குங்கள். இந்திய நூலகவியலின் தந்தை எனப்படும் சீர்காழிக்காரர் ரங்கநாதன் நூலகத்துக்குச் சொன்ன ஐந்து விதிகளில் நான்காவது, வாசகரின் நேரத்தை மிச்சப்படுத்து என்பது. நாடா அதைச் செய்யும்.

கணினி மேசைக்கு இன்று வருபவர் தேடுவது நூலை அல்ல. விண்ணப்பம் போட வேண்டும், ஹால் டிக்கெட் அச்செடுக்க வேண்டும், ஓடிபி வரவில்லை. இதை நூலக வேலை இல்லை என்று தள்ளாதீர்கள். ஆனால் கணினியை அப்படியே விடவும் கூடாது: டவுன்லோட்ஸ் கோப்புறையைத் திறந்தால் பத்துப் பேரின் ஆதார் நகல் கிடக்கும். உலாவி எப்போதும் தனிப்பட்ட சாளரத்தில் (இன்காக்னிட்டோ) திறக்கும்படி அமையுங்கள், கடவுச்சொல் சேமிப்பை நிறுத்துங்கள், மூடும் நேரத்தில் கோப்புறையைக் காலி செய்வதை ஒருவர் பெயரில் பொறுப்பாகக் கொடுங்கள்.

வரமுடியாதவர்களுக்கு வீட்டுக்கே கொண்டுபோக 2022இல் அரசு தொடங்கிய நூலக நண்பர்கள் திட்டம் இருக்கிறது. தன்னார்வலர் உற்சாகமாக முதல் மாதமே 25 நூலைப் பையில் போடுவார். அது ஆறேழு கிலோ. பத்துப் பன்னிரண்டு போதும். முதியவர்களுக்கு எடுக்கும்போது கதையை விட எழுத்தின் அளவைப் பாருங்கள்.

பணத்துக்கு, நூலகத்துக்குத் துணைநிற்கும் வாசகர்களின் குழுவான வாசகர் வட்டம்தான் கை. புரவலராக ஒருவரைச் சேர்க்க 1,000 ரூபாய். அது ரசீதோடு நூலகக் கணக்குக்குப் போகட்டும். யார் பாக்கெட்டிலும் ஒரு நாள்கூடத் தங்கக்கூடாது. விசிறி, நாற்காலி போன்றவற்றைப் பொருளாகவே வாங்கித் தரச் சொல்வது எளிது, ஆனால் இருப்புப் பதிவேட்டில் ஏற்றிவிடுங்கள். ஏறாத பொருள் பழுதானால் சரிசெய்யக் காசு வராது.

பெரிய வேலைகளுக்கு, அதாவது கழிப்பறை, ஒயரிங், கூரை போன்றவற்றுக்கு, மனு கொடுக்கத்தான் வேண்டும். "அடிப்படை வசதிகள் செய்து தருமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறோம்" என்று எழுதிய மனு எந்தக் கோப்பில் போகும் என்று எல்லோருக்கும் தெரியும். அதற்கு முன்னால் இரண்டு வாரம் எண்ணுங்கள். விடுமுறை போக ஒவ்வொரு நாளும் காலை 9, 11, மதியம் 2, மாலை 4, இரவு 7 மணிக்கு: உட்கார்ந்திருப்பவர் எத்தனை, நிற்பவர் எத்தனை, பெண்கள் எத்தனை, குழந்தைகள் எத்தனை, இடமில்லாமல் திரும்பியவர் எத்தனை. ஒரு தாள், ஐந்து கட்டம். பிறகு மனுவின் முதல் வரியில் "மாலை 4 மணிக்குச் சராசரியாக 41 பேர், நாற்காலி 24, பெண்கள் 9, பெண்கள் கழிப்பறை 0" என்கிற மாதிரி உங்கள் எண்ணை எழுதுங்கள். ஒரு நகலை நகராட்சிக்கும் ஒன்றை மாவட்ட நூலக அலுவலருக்கும் கொடுத்து, உங்கள் நகலில் முத்திரையும் தேதியும் வாங்கிக்கொள்ளுங்கள். மூன்று மாதம் கழித்து அதே நேரங்களில் மறுபடி எண்ணி இரண்டாவது மனு எழுதும்போது, அந்தத் தேதியைத்தான் முதலில் குறிப்பிட வேண்டியிருக்கும்.